கயிறு பிடிக்கிறவன்

— கொஞ்சம் பின்னால வாங்க மாமா. ஓரத்துல மண்ணு சரியும்.

— இருடா வெற்றி. பனி கலையட்டும். அடியில எந்த ஊருன்னு பாத்துட்டு வரேன்.

— எந்தப் பனி?

— இதோ, கண்ணுக்கு எட்டுன மட்டும் வெள்ளையா கெடக்குதே. நம்ம கல்வராயன் மல ஓரத்துல விடியறப்ப நின்னா இப்டித்தான கீழ மூடிக்கினு கெடக்கும்? வெயிலு ஏறனா வெலகிடும். கச்சிராயபாளையம் தெரியும், டேம் தெரியும், டவுன் பஸ்ஸு எறும்பாட்டம் ஊரும்.

— மாமா, அது பனி இல்ல. எந்த வெயிலுக்கும் கலையாது. அதான் கடலு.

— இன்னாடா சொல்ற?

— மொத்தமும் தண்ணி. காது குடுத்துக் கேளுங்க.

— இந்தச் சத்தமா? நான் காத்துன்னு இல்ல நெனச்சேன்.

— மொத நாளு நானும் வாயத் தொறந்துக்கினுதான் நின்னேன். முதலாளி வந்து முதுவுல தட்டி இட்டுக்கினு போனாரு.

— அந்தாண்டக் கர எங்கடா?

— பாத்தா தெரியற மாதிரி கர கெடயாது.

— கரையே இல்லன்னா தண்ணி எப்டிடா நிக்கும்?

— எனக்கின்னா தெரியும்? உக்காருங்க, டீ வாங்கியாறேன். சேலத்துலருந்து ரயில்ல நின்னுக்கினே வந்தீங்களாமே.

— டீ கெடக்கட்டும். இந்தச் செம்மண்ணு மேடு நம்ம தேன்பாற ஒசரம் வருமா?

— பாதி கூட வராது.

— அப்பவும் காலு கூசுது பாரு. இருவது வருசமா பாறையில தொங்கறவன் நான். அங்க கீழ பாத்தா மரம் கீது, கல்லு கீது, வுழுந்தா எங்க வுழுவோம்னு தெரியும். இத பாக்கப் பாக்க, நாம ஒருத்தன் நிக்கிறோம்ங்கறதே மறந்துபூடுது.

— வர்கலாவுக்கு வர்ற சனமெல்லாம் அதுக்குத்தான் வருது.

— கீழ மணல்ல நிக்கிற குடையெல்லாம்?

— நான் நட்டதுதான். காலையில நடணும், பொழுது சாயப் புடுங்கணும். வெள்ளக்காரங்க அதுங்கீழ படுத்துக்கினு புக்கு படிப்பாங்க.

— வெயிலு காய வந்த ஆளுக்கு குடை எதுக்குடா?

— அத நான் கேட்டா அன்னிக்கே கணக்கு முடிச்சு ரயிலேத்திடுவாங்க.

— கேட்டுத் தொலையேன். என் வேல சுளுவா முடிஞ்சுடும்.

— அக்கா எப்டி கீது மாமா?

— நல்லாதான் கீறா. அதோ, அந்தப் பொம்பள அலைக்குள்ள போறாளே, யாரும் தடுக்க மாட்டாங்களா?

— அவங்க நீஞ்சுவாங்க. நீங்க பேச்ச மாத்தாதீங்க. ஊர்ல என் கூட்டாளி தனசேகரன்கிட்ட அட்ரஸ் வாங்கிக்கினு இம்மாந்தூரம் வந்தது இதப் பாக்கவா?

— பாத்தப்பறம், இதுக்கே வந்திருக்கலாம்னு தோணுது. சரி வுடு. சித்திர பொறக்கப் போவுது. தேன்பாறையில பதினேழு தேன் ராட்டு தொங்குது. போன வருசம் தேனெடுக்க நான் எறங்கவே இல்ல. கயிறு புடிக்க ஆளில்ல.

— செல்லமுத்து இல்லியா?

— அவன் கை இரும்புதான். எனக்கு மனசு ஒப்பல.

— பொண்டாட்டி கூடப் பொறந்தவன்தான் புடிக்கணும், அதான? கீழ தொங்கறவன் செத்தா தாலி அறுக்கறது தன் அக்கா, அதனால அவன் கைய வுடவே மாட்டான்னு ஊர்ல ஒரு நம்பிக்க. அந்த நம்பிக்கைக்கு நான் லாயக்கில்ல மாமா. வரமாட்டேன்.

— ரெண்டு வருசத்துக்கு முந்தி நடந்தத இன்னும் நெனச்சுக்கினு கீறியா? ஈ கலைஞ்சு உன்னக் கொட்டிச்சு, கை வழுக்கிச்சு. நான் ரெண்டாள் ஒசரம் சரிஞ்சேன், தோளு பெசகிச்சு. அவ்ளோதான.

— வழுக்கல. வுட்டேன்.

— இன்னா சொன்ன?

— தெரிஞ்சேதான் வுட்டேன். மூஞ்சியெல்லாம் கொட்டுது, தாங்கல. கீழ ஒரு மனுசன் தொங்கறாருங்கற நெனப்பே இல்ல. கயிறு ஓடுது. அப்பத்தான் அக்கா மொகம் வந்துச்சு, திரும்பப் புடிச்சேன். உங்களுக்காவ இல்ல, அக்காவுக்காவ. அது மட்டும் வரலன்னா நீங்க இன்னிக்கு இல்ல. இத உங்க மூஞ்சப் பாத்து சொல்ல முடியாமத்தான் போன் நம்பரக் கூட மாத்திக்கினு இங்க வந்து கெடக்கறேன்.

— அலையப் பாரேன். ஒண்ணு கூட நின்னு போவல.

— திட்டனாலும் திட்டுங்க மாமா. சும்மா கடலப் பாத்துக்கினு நிக்காதீங்க.

— திட்டல. நீ மறச்சத நீ சொல்லிட்ட. நான் சொல்ல வந்தது, இந்தத் தண்ணியப் பாத்ததும் நாக்கு மேல எழும்பல. என்ன மாமான்னு கூப்புடாத வெற்றி.

— கோவத்துல பேசாதீங்க.

— கோவமில்லடா. உங்கக்கா என்ன வுட்டுட்டு வேற ஒருத்தன் வூட்டுக்கு வாழப் போயி நாலு மாசம் ஆவுது. ஊருல கூடிப் பேசி, சண்ட சச்சரவு இல்லாம தீத்துக்கினோம். அவ நல்லாதான் கீறா, அது பொய்யில்ல.

— அப்ப எதுக்கு இங்க வந்தீங்க?

— நான் வுழுந்து செத்தா அறுக்கறதுக்கு உங்கக்கா கழுத்துல என் தாலி இல்ல, நீயும் எனக்கு மச்சான் இல்ல; அப்பவும் சித்திரையில நான் எறங்கறேன், நீயே வந்து கயித்தப் புடி.