பாஸ்வேர்ட் மறந்தால் இந்த எண்ணுக்கு

பாஸ்வேர்டை மறந்துவிடுகிறவர்கள் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை, மேடம். பெற்ற பிள்ளையின் பிறந்தநாளையே மறக்கிற ஆட்கள், பத்து எழுத்தை எங்கே ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்.

தமிழிலேயே எழுதிக் கொடு, மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்றீர்கள். நல்லதாயிற்று. புனேவுக்கு வந்து ஆறு வருடமாகியும் என் மராத்தி காய்கறிக் கடையைத் தாண்டவில்லை.

என் பெயர் ஹரிபிரசாத். சொந்த ஊர் கோயம்புத்தூர். சிஞ்ச்வட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஓய்வு நேரத்தில் இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு இணையதளம் நடத்தினேன். எங்கே வீடு காலி, எந்தக் கடையில் இட்லி அரிசி, எல்லாம் அதில் இருக்கும். ஆளுக்கு ஒரு கடிதப் பெட்டியும் உண்டு. பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டு உள்ளே விடுகிற லாகின் பக்கம் முழுக்க என் கைவேலை.

பாஸ்வேர்டை யாரும் படிக்க முடியாதபடி உருமாற்றித்தான் சேமிக்க வேண்டும், நடத்துகிறவனே பார்க்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நம் ஜனங்கள் 'மறந்துவிட்டதா' என்ற இடத்தை அமுக்க மாட்டார்கள். போன் செய்வார்கள். அதற்காகவே பக்கத்தின் அடியில் என் எண்ணைப் போட்டு, பாஸ்வேர்டுகளை உள்ளபடியே வைத்திருந்தேன். நிக்டியிலிருந்து ருக்மிணி மாமி வாரம் தவறாமல் கூப்பிடுவார். "ஹரி, அந்த எழவ மறுபடி மறந்து தொலைச்சேன்பா, என்னன்னு சொல்லு." மாமியானாலும் ரகசியக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன். சரியான பதில் சொல்கிறவர் எவரோ, அவரே பெட்டிக்கு உரியவர். அந்த விதியை நான் யாருக்காகவும் தளர்த்தியதில்லை.

சந்திரிகாவை என்னிடம் கூட்டிவந்ததும் மாமிதான். அது 2003 ஜூன். மாமி வீட்டு மாடி அறையில் குடியிருந்துகொண்டு, பக்கத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். "கட்டினவன் கைய ஒடிச்சிருக்கான்பா. இவ இங்க இருக்கறது தெரிஞ்சா வந்து கொன்னே போட்டுடுவான். சேலத்துல ஜோசபின்னு ஒரு சிநேகிதி, அவ ஒருத்திக்குத்தான் தெரியும். அவளோட பேசிக்க ஒரு வழி பண்ணிக் குடு" என்றார் மாமி.

பக்கத்தில் உட்கார்ந்து, மவுஸ் பிடிப்பதிலிருந்து சொல்லித் தந்தேன். ரகசியக் கேள்வியாக 'அம்மா பிறந்த ஊர்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். முக்கால்வாசிப் பேர் அதைத்தான் எடுப்பார்கள்.

"சார், இத வேற யாரும் படிக்க முடியாதில்ல?" என்று கேட்டாள்.

"உங்களத் தவிர யாராலயும் முடியாதுங்க" என்றேன்.

ஆகஸ்டில் அவள் கணவன் சந்தானம் சேலத்திலிருந்து போன் செய்தார். ஜோசபின் வீட்டில் எங்கள் தளத்தின் பெயரோடு ஒரு அச்சுத்தாள் கண்ணில் பட்டிருக்கிறது. "என் வீட்டுக்காரி சந்திரிகா பாஸ்வேர்ட மறந்துட்டா சார், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். உரியவர்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் விழுந்த அவர் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டேன். எதையும் குறித்துவைப்பது தொழில் பழக்கம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நானே அவரைக் கூப்பிட்டேன். ஒரு குடும்பம் பிரிந்து கிடப்பது மனதை உறுத்தியது. எங்கள் அப்பாவும் கை நீட்டுகிறவர்தான். அம்மா எந்த ஊருக்கும் ஓடிப்போகவில்லை. அப்போதும் விதியை மீறவில்லை, மேடம். அம்மா பிறந்த ஊர் எது என்று கேட்டேன். "ராசிபுரம்" என்றார். பதில் சரி. விதிப்படி அந்த நிமிடம் போனில் இருந்தவர் சந்திரிகா.

'பயமில்லை' என்பதை ஆங்கில எழுத்தில் பாஸ்வேர்டாக வைத்திருந்தாள். பி ஃபார் பாம்பே என்று ஆரம்பித்து எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் இன்னொரு தடவை கேட்டார். பொறுமையாக இன்னொரு தடவையும் சொன்னேன்.

பெட்டிக்குள் நிக்டி முகவரி இருந்தது. சான்றிதழ்களை அனுப்பச் சொல்லி ஜோசபினுக்கு எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், பள்ளி விட்டு வருகிற நேரத்தில், பஸ் ஸ்டாப்பில் சந்தானம் காத்திருந்தார். பதினோரு குத்து என்று உங்கள் கோப்பில் இருக்கிறது. நீங்கள் காட்டிய போட்டோவில் அவள் கைப்பை திறந்து கிடந்தது. உள்ளே திருத்தாத நோட்டுகள். மறுநாள் முதல் வேலையாக எல்லா பாஸ்வேர்டையும் உருமாற்றிவிட்டேன். இனி என்னாலேயே படிக்க முடியாது. பாதுகாப்பில் எங்கள் தளம் இன்று எதற்கும் சளைத்ததல்ல.

அவள் கடிதங்களை அந்தப் போனுக்கு முன் படித்தேனா என்று கேட்டீர்கள். ஜூனிலிருந்தே தினமும் படித்தேன். பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டுமே. மற்ற பெட்டிகள் ஒழுங்காகத்தான் வேலை செய்தன, திறக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை நாலு பத்துக்கு நான் உள்ளே போனது சர்வரில் பதிவாகியிருக்கும். ஜோசபினுக்கு அவள் எழுதியது எனக்கு வரி பிசகாமல் ஞாபகம் இருக்கிறது: "இங்க கம்ப்யூட்டர் சொல்லித் தர்றேன்னு ஒருத்தர் என் கைமேலயே கைய வெச்சுக்கிட்டு வழியறாருடி. அன்னிக்கிச் சிரிப்ப அடக்கறதே பெரும்பாடாப் போச்சு. பாவம்."

சேலத்துக்கு நான் போன் செய்தது நாலு இருபத்தைந்துக்கு. எக்ஸ்சேஞ்சில் கேட்டாலும் அதையே சொல்வார்கள். குத்தியது சந்தானம், கதவைத் திறந்துவிட்டது நான், கொன்றுபோடுவான் என்று தெரிந்தே. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடிதத்துக்கும் போனுக்கும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள், மேடம். நடுவில் முழுசாகப் பதினைந்து நிமிடம் இருக்கிறது.