பனிக்கு மேலே பறந்து வந்த பாதிப் பெண்

மூன்று தலைமுறைக்கு எழுத்தறிவித்து, நான்காவதாக என்னைப் பார்த்ததும் பக்கத்து ஊருக்கு மாற்றல் வாங்கிப் போன விழாத் தலைவர் பெரியநாயகசாமி வாத்தியார் அவர்களே, வாய்க்கால் தண்ணீரையும் வரப்புத் தகராறையும் வாழ்நாளெல்லாம் பார்த்துப் பழுத்த பெரியோர்களே, பந்தியில் பாயசம் உண்டா என்று எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே உட்கார்ந்திருக்கும் அருமை நண்பர்களே, பத்து மாதம் சுமப்பது என்னவென்று பாடம் படிக்காமலே அறிந்த பாசமிகு தாய்மார்களே, ஏழாம் வகுப்பை இரண்டு முறை படித்ததால் பதினான்காம் வகுப்பு என்று சொல்லிக்கொள்ளும் தகுதி பெற்ற நாகநாதனாகிய நான், இன்று பெயர் சூடும் இந்தப் பச்சிளம் பெண்ணின் தாய்க்குத் தாய்மாமன் என்ற முறையில், உங்கள் எல்லோருக்கும் என் வணக்கத்தைப் பொழிகிறேன்.

சம்பா அறுத்துக் களம் கண்ட கையோடு பெயர் சூட்டுகிறோம். சிரித்துக்கொண்டே சூட்டுகிறோம். இந்தச் சிரிப்பு சும்மா வந்ததா? சுலபமாக வந்ததா? இல்லை, தாய்மார்களே. இந்தக் குழந்தை பிறந்த மார்கழி விடியலில் நான் என்ன செய்தேன் என்று ஊருக்குள் பல கதைகள் உலவுகின்றன. உண்மைக் கதையை நானே சொல்லிவிடுகிறேன்.

ஒரு தொலைக்காட்சித் தொடர். தமிழில் பேச்சு மாற்றிப் போட்டது. அதில் ஒரு செவ்வாய்க்கிழமைப் பகுதியைப் பார்க்காத வீடு இந்த ஊரில் உண்டா? பிலிப்பைன்ஸ் நாட்டுப் பேய் ஒன்று அதில் வந்தது. மனனங்கல் என்று பெயர். பகலெல்லாம் பாந்தமான பெண். பொழுது சாய்ந்தால் உடம்பெல்லாம் எண்ணெய் பூசுவாள். இடுப்போடு இரண்டாகப் பிரிவாள். இடுப்புக்குக் கீழே வாழைத்தோப்பில் நிற்கும். இடுப்புக்கு மேலே வௌவால் இறக்கை விரித்து வானத்தில் பறக்கும். கர்ப்பிணி படுத்திருக்கும் வீட்டுக் கூரையில் இறங்கி, நூல் போன்ற நாக்கை ஓட்டு இடுக்கில் விட்டு, வயிற்றுப் பிள்ளையை உறிஞ்சிவிடும். நிற்கிற பாதி உடம்பில் உப்பையும் பூண்டையும் போட்டால்தான் அது ஒழியும். அன்றைக்கு இந்த ஊரில் ஐந்தாயிரம் பேர் சோறு இறங்காமல் கிடந்தார்கள்.

என்ன தங்கமணி? கட்டிய புருஷன் என்றும் பாராமல், ஊரின் மக்கள்தொகையே எண்ணூறுதான் என்கிறாயா? சரி, வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்களையும் சேர்த்துக்கொள்.

அந்தப் பகுதி ஒளிபரப்பாவதற்கு எட்டு மாதம் முன்புதான், கப்பலில் வேலை பார்க்கும் நம் மாதாகோயில் தெரு ஆல்பின், ரோவெனா என்ற பெண்ணைக் கட்டிக் கூட்டிவந்து அம்மாவிடம் விட்டுவிட்டுக் கப்பலேறினான். பெண் எந்த நாடு? பிலிப்பைன்ஸ். போதாதா? புதன்கிழமை காலையில் அவள் கடைக்குப் போனால் வரிசை கலைந்தது. குழாயடிக்குப் போனால் குடங்கள் நகர்ந்தன. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தாள் என்பதையே ஒரு சாட்சியாகச் சொன்னார்கள். இந்த மண்டபத்தில் தலைக்கு எண்ணெய் வைக்காத பெண் யாராவது இருந்தால் எழுந்து நில்லுங்கள், பார்ப்போம்.

அந்தப் பேச்சுக்கெல்லாம் தலைமைப் பேச்சாளர் யார்? நான்தான். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் பதினான்கு மாதம் இருந்தவன். என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுத்தவன் பிலிப்பைன்ஸ்காரன். அந்த மொழியில் எனக்கு இரண்டு சொற்கள் தெரியும். ஊருக்கு நான் சொன்னது, அந்த மொழியில் வழக்கே வாதாடுவேன் என்று. அதனால் எல்லோரும் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். நான் விளக்கினேன். தொடரில் இருந்ததை மட்டும் விளக்கினால் என் புலமை என்னாவது? "அந்தப் பேய் தெரிஞ்ச ஆளு குரல்லயே வந்து கதவைத் தட்டும்" என்று என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டேன். அது தொடரில் இல்லை. சத்தியமாக இல்லை.

அக்கா பிரகதீஸ்வரி வீட்டில் அவள் மகள் ஜெயபாரதி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நான் சும்மா இருப்பேனா? நிலைக்கு வேப்பிலை, சன்னலுக்குப் பூண்டு, வாசலுக்கு உப்பு. அக்காவையும் தங்கமணியையும் கூப்பிட்டு, "தாழ்ப்பாளைப் போட்டுக்கங்க. வெளியில வந்து நான் மூணு தரம் இருமினாத்தான் தொறக்கணும்" என்று கட்டளையிட்டேன்.

மார்கழி இருபதாம் நாள் விடியற்காலை. வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்சுக்குச் சொன்னோம். வழியில் வாய்க்கால் உடைப்பு, சுற்றி வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். உள்ளே ஜெயபாரதி துடிக்கிறாள். வெளியே நான், கழுத்தில் பூண்டு மாலை, கையில் உப்புச் சட்டி, கொல்லைப்புற வரப்பில் காவல். கிழக்கு லேசாக வெளுக்கிறது. வயல் முழுவதும் பனி. பயிரைக் காணோம், வரப்பைக் காணோம், இடுப்பளவுக்குப் பாலைக் கொட்டி வைத்த மாதிரி ஒரே வெள்ளை.

அந்த வெள்ளைக்கு மேலே ஒரு பெண் வந்தாள். இடுப்புக்கு மேலேதான் இருந்தாள். இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. தலையிலிருந்து இரண்டு பக்கமும் இறக்கை தொங்கியது. மிதந்து மிதந்து, நேராக அக்கா வீட்டை நோக்கி வந்தாள்.

தூணோரம் நிற்கிற தம்பி சதீஷ், சிரிக்காதே. நீ நின்றிருந்தால் அந்த வயலுக்குத் தனியாகப் பாசனமே நடந்திருக்கும்.

நான் ஓடினேனா? ஓடவில்லை. கால் சேற்றில் புதைந்திருந்தது என்று சொல்பவர்கள் சொல்லட்டும். தொடரில் சொன்ன வைத்தியத்தை நினைத்தேன். பாதி உடம்புக்கு உப்பு. அந்தப் பாதி எங்கே? பனிக்குள்ளேதானே இருக்கும்? இரண்டு கையாலும் உப்பை அள்ளிப் பனிக்குள் வீசினேன்.

"மாமா, போதும். கண்ணுல விழுது" என்றது அது.

தமிழ்ப் பேச்சு. ஆல்பின் அம்மாவின் இழுவையோடு அப்படியே நம் ஊர்த் தமிழ். கிட்டே வந்தாள். ரோவெனா. தூறலுக்காக உரச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தாள், நம் பெண்கள் நடவுக்குப் போகும்போது போடுகிற அதே கொங்காணி. அதன் ஓரங்கள்தான் எனக்கு இறக்கை. இடுப்புக்குக் கீழே இருந்தது வெறும் பனி. மாதாகோயில் தெருவிலிருந்து வயல் வழியாகக் குறுக்கே வந்திருக்கிறாள். தோளில் ஒரு பை.

"வழி விடுங்க மாமா. ஜெயா போன் பண்ணுச்சு. நாங்க தெனமும் போன்ல பேசுவோம். எங்க நாட்டுல நான் ஒன்பது வருஷம் பிரசவம் பார்த்திருக்கேன்."

விட்டேனா? விடவில்லை, தாய்மார்களே. சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னையும் பார்த்தாள், சட்டியையும் பார்த்தாள். வரப்பில் ஏறிப் பாவாடையை முழங்கால்வரை தூக்கினாள். கால் இருந்தது. சேறு இருந்தது. கெண்டைக்காலில் கட்டை விரல் தடிமனுக்கு ஓர் அட்டை கடித்துத் தொங்கியது. என் சட்டிக்குள் கைவிட்டு ஒரு சிட்டிகை உப்பெடுத்து அட்டைமேல் வைத்தாள். அட்டை சுருண்டு விழுந்தது. ரத்தம் வழிந்தது. நம் ரத்தத்தின் நிறம்.

எந்த உப்பு பட்டால் அவள் எரிந்து போவாள் என்று ஊரெல்லாம் சொன்னேனோ, அந்த உப்பைத் தன் காலில் தானே தடவிக்கொண்டு, "இப்ப போகலாமா?" என்று கேட்டாள்.

அவளுக்கு முன்னால் ஓடினேன். கதவுக்குப் போனேன். மூன்று தரம் இரும வேண்டும். இருமல் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. "தங்கமணி, நான்தாண்டி, கதவைத் தொற" என்றேன்.

உள்ளிருந்து என் தர்மபத்தினி, "மொதல்ல இருமுங்க" என்றாள்.

"வரலைடி. தொறடி."

"தெரிஞ்ச குரல்லதான் வரும்னு நீங்கதானே சொன்னீங்க? இருமுங்க."

என் கைச்சரக்கு என் முகத்திலேயே வந்து அடித்தது. இத்தனை வருடத்தில் என் பேச்சை அவள் முழுதாக நம்பியது அந்த ஒரு தடவைதான். உள்ளே ஜெயபாரதியின் அலறல். வெளியே நான் கதவில் தலையை முட்டுகிறேன். அப்போது அந்த அலறலுக்கு நடுவிலேயே ஜெயபாரதி கத்தினாள்: "அத்தை, தொறங்க. அவங்களை நான்தான் வரச் சொன்னேன்."

தாழ்ப்பாள் விலகியது. ரோவெனா உள்ளே போனாள். குழந்தையின் தலை வந்தபோது கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். விரலை விட்டுக் கொடியைத் தளர்த்தி, தலைவழியாகக் கழற்றி எடுத்தாளாம். எடுத்த பிள்ளை அழவில்லை. நான் வாசலில் நிற்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறேன். எட்டுக்கு மேல் எனக்கு எண் மறந்துவிட்டது. பிறகு அழுதது பாருங்கள். அந்த அழுகை பேராவூரணித் தென்னந்தோப்பு வரைக்கும் கேட்டிருக்கும். இதில் மட்டும் நான் மிகைப்படுத்தவில்லை. அதைக் கேட்டு நானும் அழுதேன். ஆம்புலன்ஸ் வந்தபோது மூன்று பேரில் யார் நோயாளி என்று ஓட்டுநர் கேட்டார்.

பெரியோர்களே, அந்தத் தொடர் எடுத்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் தங்கள் ஊர்ப் பேய்க்கதையை அழகாகத்தான் எடுத்திருக்கிறார்கள். பேயைக் காட்டியது அவர்கள். அதற்கு ஆள் தேடியது யார்? பேர் சொன்னது யார்? குடத்தை நகர்த்தியது யார்? தாழ்ப்பாள் போடச் சொன்னது யார்? அந்தத் தாழ்ப்பாள் இன்னும் பத்து நிமிடம் விலகாமல் இருந்திருந்தால், இன்று இந்தத் தொட்டிலில் என்ன இருந்திருக்கும்? மூவாயிரம் மைல் தள்ளியிருந்து ஒரு பேய் வரவே இல்லை, ஐயா. வந்தது ஒரு மருத்துவச்சி. பேய்வேலை பார்த்தது என் நாக்கு. இந்த மேடையில், ஒலிபெருக்கியில், நாலு ஊருக்குக் கேட்கச் சொல்கிறேன்: ரோவெனா, என்னை மன்னித்துக்கொள், அம்மா.

கைதட்டல் இருக்கட்டும். கடைசி வரிசையில், கதவோரம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறாளே, வழி கொடுங்கள். முன்வரிசைக்காரர்கள் எழுந்திருங்கள். குழந்தை காதில் முதலில் பேர் சொல்லும் உரிமை எங்கள் வீட்டில் என்னுடையது. அதை அவளுக்குக் கொடுக்கிறேன். இந்த உலகத்தில் இவளை முதலில் தொட்டது அந்தக் கைதான். முதலில் பேர் சொல்ல வேண்டியதும் அந்த வாய்தான்.

வா அம்மா. கூச்சப்படாதே. குனிந்து சொல். இன்னும் கொஞ்சம் சத்தமாக.

கேட்டதா, தாய்மார்களே? சுடர்விழி. எல்லோரும் ஒருமுறை சொல்லுங்கள். சுடர்விழி. பாருங்கள், கொட்டாவி விடுகிறாள். நல்ல மூச்சு, முழு மூச்சு.

இதற்குமேல் பேசினால் தலைவர் மணியடிப்பார். பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், பாயசத்தை மறந்து உட்கார்ந்திருந்த நண்பர்களுக்கும், அன்றைக்குக் கதவைத் திறந்த தங்கமணிக்கும், திறக்கச் சொன்ன ஜெயபாரதிக்கும் நன்றி. ரோவெனாவுக்கு அவள் மொழியிலேயே, எனக்குத் தெரிந்த இரண்டு சொற்களில் ஒன்றைச் சொல்கிறேன்: சலாமத். நன்றி என்று பொருள். வணக்கம்.