வாயடக்கம் வாராத மாஸ்டரம்மாவுக்கு வழங்கும் வாழ்த்து மடல்

கையுறைக்குள் கரம் நுழையும் முன்பே கண்ணில் ஒளிந்த அச்சத்தைக் கண்டுபிடிக்கும் கூர்விழியாளரே! கயிறு கட்டிய மேடையோரம் காலமெல்லாம் கால்கடுக்க நின்ற கர்ஜனைக்காரரே! அடுத்த தெருவையும் அதிரவைக்கும் வெண்கலக் குரல் வாய்த்தவரே! எங்கள் மாஸ்டரம்மாவே! வணக்கம்!

உங்கள் குணங்களை வரிசையாகப் போற்ற எண்ணி முதலில் 'பொறுமை' என்று எழுதினோம். அலுவலக எழுத்தர் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அதனால் அதை அடித்துவிட்டு உண்மையை எழுதுகிறோம்.

ஒழுகும் கூரையும் ஒற்றை மணல் மூட்டையுமாகக் கிடந்த கிடங்கை, பன்னாட்டு மகளிர் குத்துச்சண்டைப் போட்டிகளுக்கு வீராங்கனைகளை அனுப்பும் பயிற்சிக் கூடமாக்கியவர் நீங்கள். "மூக்கு உடைஞ்சா இவளை யாரு கட்டிப்பாங்க?" என்று மகளை இழுத்துப்போக வந்த அப்பாவிடம், "உடையக்கூடாதுன்னுதானே கையைத் தூக்கச் சொல்றேன்! கேக்கவே மாட்டேங்கிறா. நீங்களாவது சொல்லுங்க" என்று முறையிட்டீர்கள். அவர் மறுநாளிலிருந்து ஜன்னலோரம் நின்று, "கையைத் தூக்கும்மா!" என்று உங்களுக்குப் போட்டியாகக் கத்தத் தொடங்கினார்.

இப்படிப்பட்ட உங்களுக்குத்தான் இந்த விளையாட்டு ஒரு கொடிய விதியை வைத்திருக்கிறது. சுற்று நடக்கும்போது மேடை மூலையில் இருக்கும் பயிற்சியாளர் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் எச்சரிக்கை, மறுபடி திறந்தால் வெளியே! அந்த விதியை மீறாமலிருக்க நீங்கள் துண்டைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நம் கூடத்துத் துண்டுகளில் வியர்வை துடைத்தவை குறைவு, உங்களிடம் கடிபட்டவையே அதிகம்.

சென்ற பன்னாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தை மறக்க முடியுமா? எங்களில் மூத்தவள், நாமெல்லாம் நெட்டை என்று அழைப்பவள், முதல் சுற்றை இழந்திருந்தாள். உங்களுக்கும் ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. இரண்டாம் சுற்றில் அவளுடைய இடது கை மெல்ல இறங்கியது. உங்கள் வாயிலிருந்து துண்டு விழுந்தது. "இடது கையைத் தூக்குடி!" அரங்கமே திரும்பிப் பார்த்தது. அவள் கை மேலே போனது, நடுவரின் விரல் கதவைக் காட்டியது.

கடைசிச் சுற்றுக்கு முன் மூலையில் இருந்தவர் பிசியோ அக்கா மட்டும்தான். சுளுக்கு எடுக்கத் தெரிந்த அவருக்குக் குத்துச்சண்டை தெரியாது. தண்ணீரைக் கொடுத்துவிட்டு, காதில் விழுந்ததைச் சொன்னார்: "வெளியே நின்னு உன்னைத் திட்டிட்டு இருக்காங்க. கதவைச் சாத்தியும் கேக்குது." நெட்டை சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே எழுந்துபோய்க் கை இறங்காமல் ஆடினாள். அந்தச் சுற்று அவளுடையது. ஆனாலும் புள்ளி போடும் நடுவர்களில் ஒரே ஒருவரின் தீர்ப்பில் தங்கம் கைநழுவியது.

நடைபாதையில் நீங்கள் தரையில் உட்கார்ந்து அழுதீர்கள். "நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா நீ ஜெயிச்சிருப்படி!" அன்று சொன்னதை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். எங்களைப் பதில் பேசவிட்டதேயில்லை. இன்று நீங்கள் பணி ஓய்வு விழா நாற்காலியில் அமர்ந்து கேட்டே ஆகவேண்டும் என்பதால் நெட்டையின் பதிலை இங்கேயே படிக்கிறோம்: "அந்தக் குரல் கேக்கலேன்னா நான் ரெண்டாவது ரவுண்டுலயே விழுந்திருப்பேன், மாஸ்டரம்மா. கடைசி ரவுண்டே இருந்திருக்காது."

அடுத்த மாதம் மீண்டும் அதே போட்டி. வயது வரம்பால் நெட்டைக்கு இதுவே இறுதி வாய்ப்பு. தங்கம் இல்லாமல் திரும்புவதில்லை என்று உறுதி பூண்டிருக்கிறோம். மூலையில் உங்கள் உதவிப் பயிற்சியாளர் அமர்வார். அவர் சாப்பிடக் கூப்பிட்டாலும் பேசாதவர், விதிக்கு ஏற்றவர். விதியோ மூலையில் இருப்பவருக்குத்தான். பணி ஓய்வு பெற்றவர் பார்வையாளர்! பார்வையாளரின் வாய்க்குப் பூட்டுப் போட இந்த விளையாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. எனவே நம் மூலைக்கு நேர் பின்னே, முதல் வரிசையில், உங்களுக்கு இருக்கை எடுத்துவிட்டோம்.

தொண்டை கட்டாமல், பல் ஆடாமல், நோய் நொடி அண்டாமல் நீங்கள் நெடுங்காலம் வாழ நெஞ்சார வாழ்த்துகிறோம்!

துண்டு கொண்டுவர வேண்டாம், மாஸ்டரம்மா. வாய்விட்டுக் கத்துங்கள். இம்முறை உங்களை யாரும் வெளியே அனுப்ப முடியாது.

திட்டு வாங்கியே தேறிய,
பயிற்சிக் கூடத்து வீராங்கனைகளும் பணியாளர்களும்