படப்புக்கு அடியில்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, எனக்கு இனிப்பு பிடிக்கும்.

அந்தச் சத்தத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள். மழை பொய்த்த எண்பத்து மூன்றில்தான் கீழக்குயில்குடியில் அது கேட்க ஆரம்பித்தது. ஒச்சாயிக்கு ஆட்டுரல் பக்கத்தில் கேட்டது, மலையம்மாளுக்கு அடுப்படியில். கண்மாய்க் கரையிலும் கேட்டதாகச் சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுவது போல இருக்கும். கருப்பசாமிக்கு ஏதோ குறை என்று ஊரே பயந்துபோனது. கருப்புக்குச் சாமியாடி நான். என் வாக்கைத்தான் ஊர் கேட்கும்.

எனக்கு அது என்னவென்று முன்பே தெரியும். ஆடு மேய்க்க மலைக்குப் போனபோது பாறையில் வெட்டிய சமணர் படுக்கையில் தலை சாய்த்தேன். கல்லுக்குள் மோட்டார் ஓடியது. எங்கள் ஊரே பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது, எங்கே காதை வைத்தாலும் கேட்கும். தரையில் காதை வைத்து வைத்துத் தேடிப் போனால், சிவனாண்டியின் வைக்கோல் படப்பில் கொண்டுபோய் விட்டது. அதற்கடியில் பழைய தானியக் குழி. குழிக்குள் மோட்டார், அதிலிருந்து களவாக ஒரு குழாய் எங்கள் கூட்டுக் கிணற்றுக்கு.

சிவனாண்டி என் தங்கை அன்னக்கொடியின் புருஷன். ஆளுக்கு ஒரு நாள் முறைவைத்து இறைப்பதாகக் கருப்பு முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்திருந்தோம். என் முறையன்று கிணற்றில் சேறுதான் கிடக்கும். என் நெல் கருகியபோது தோளில் கைபோட்டு அழுதான். "நம்ம நேரம் மச்சான், அம்புட்டுத்தான்" என்றான். தண்ணீர் போனதைக்கூட மன்னித்திருப்பேன். அந்த அழுகையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நான் சண்டை போடவில்லை. சாமி கும்பிடு அன்று காலையில் அவனைத் தனியே கூப்பிட்டேன்.

"மாப்ள, எனக்கு எல்லாம் தெரியும். உச்சிப்பொழுதுல ஊரு பூராம் கோயிலுக்கு வந்துரும். கல்லுப்பட்டிக்குப் போறேன்னு தங்கச்சிகிட்டச் சொல்லிட்டு, குழிக்குள்ள எறங்கி மோட்டாரக் கழத்திப்புடு. நான் மூச்சு விடமாட்டேன்."

அவன் கண் கலங்கிவிட்டது. "ஒங்கள மறக்க மாட்டேன் மச்சான்" என்றான்.

பிறகு உடுக்கை அடித்தார்கள், நான் ஆடினேன். சிவனாண்டி படப்புக்கு அடியில் கெட்டது குடியிருக்கிறது, இப்போதே கொளுத்துங்கள் என்றேன். பந்தத்தோடு ஓடினார்கள். நான் ஒரு தீக்குச்சிகூட உரசவில்லை.

தீ அணையும்வரை குலவையை நிறுத்தக் கூடாது என்று பெண்களிடம் சொன்னதும் நான்தான். உள்ளேயிருந்து வரும் சத்தம் தங்கச்சி காதில் விழுந்தால் பாவம், தாங்கமாட்டாள். அவளும் சேர்ந்துதான் குலவை போட்டாள். நன்றாகப் போடுவாள்.

அதன்பின் ஊரில் முனகல் இல்லை. சாமி வாக்கு பலித்தது என்று எனக்கு மாலை போட்டார்கள். சத்தியம் மீறியவனைக் கருப்பு எடுத்துக்கொண்டது, இதில் என் கையில் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீங்கள் எழுதுவதாக இருந்தால் இதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

அன்றைக்கு என்மேல் சாமி இறங்கவே இல்லை.