தைக்காத சட்டைகள்

கம்பம் பஸ்ஸில் என் முன் சீட்டில் கார்மெண்ட்ஸ் யூனிபார்மோடு இரண்டு பெண்கள். இளையவள் சத்தமாகச் சொன்னாள்.

"நான் தைக்காத சட்டையத் தச்சு முடிச்சிட்டேன்னு கம்ப்யூட்டர் சொல்லுதாம்க்கா."

"அதெப்படி?" அதே கம்பெனியில் வேறு தையல் லைனில் வேலை செய்பவள் போலிருந்த மூத்தவள் கேட்டாள்.

"சூப்பர்வைசர் நல்ல பேரு வாங்க, முடியுமுன்னயே முடிஞ்சதாப் பதிஞ்சிட்டான். இப்பச் சட்டை எங்கன்னு என்னையக் கேக்குறாக. எல்லாரும் பாக்க கம்பெனி கேட்டுல என் பையக் கொட்டிப் பாத்தாக."

"அவன் என்ன சொன்னான்?"

"வாயே தொறக்கல. 'நீ பதிஞ்சத இப்பவே அழி, அதுவரைக்கும் தைக்க மாட்டேன்'னேன். எங்க லைனே எந்திரிச்சிருச்சு. பயந்துபோய் அழிச்சான். 'கம்ப்யூட்டர்ல சரியாப் போச்சும்மா, உக்காந்து தையி'ங்குறான். எனக்குச் சரியாப் போகல. நாளைக்கு எல்லாரு முன்னாடியும் தப்பு தன்னுதுன்னு அவன் வாயால சொல்லணும்."

"சொல்லலேன்னா?"

"எங்க லைன் ஓடாது."



"எங்க லைனும் ஓடாது" என்றாள் மூத்தவள்.