வளைகாப்புக்கு முன்னால் ஒரு டாப்ளர் ஸ்கேன்

ராஜபாளையத்தில் மதுரை பஸ் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வேன். ஒட்டுக்கேட்க அது வசதி. பல நாள் நிஜமாகவே தூங்கி, குறட்டை விட்டு, கேட்க வேண்டியதைக் கோட்டைவிடுவேன். அன்று முன்சீட்டில் ஒரு மாமியாரும் இரட்டைப் பிள்ளை சுமக்கும் மருமகளும் இருந்தார்கள்.

“வயித்துக்குள்ள ஒண்ணு மத்ததோட பங்கையும் சேத்துத் திங்குதாம்ல. அந்த டாக்டரம்மா உள்ள போயி பாத்தாளாக்கும்?”

“டாப்ளர் ஸ்கேன்ல ரத்த ஓட்டம் தெரியும் அத்தை. ரெண்டுக்கும் ஒரே நஞ்சுக்கொடி. சின்னதுக்குப் போற ரத்தம் கொறஞ்சிருக்கு. இன்னைக்கே மதுரை ஆஸ்பத்திரியில சேரச் சொல்லுதாவ.”

“நல்லாச் சொன்னா. வெள்ளிக்கிழமை வளைகாப்பு. கூமாப்பட்டி வரைக்கும் சொல்லியாச்சு. ஆக்குத சோத்தை எல்லாம் யாரு திங்க?”

“ஒங்க பெரிய பேரப்பிள்ளை திங்கும். அடுத்தவுக பங்கைப் பிடுங்குதது ஒங்க வீட்டுப் பழக்கம்தான?”

“வாயப் பாரு. ரெண்டும் நல்லா ஒதைக்குதுன்னு நேத்துச் சொன்னது யாரு?”

“ஒதைச்சது எதுன்னு எனக்கே தெரியல அத்தை.”

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. மாமியார் பையோடு எழுந்தார். மருமகள் அசையவில்லை.

“ஏட்டி, நம்ம ஊரு வந்தாச்சு, எறங்கு.”

“நீங்க எறங்குங்க. வளையல நீங்களே போட்டுக்கோங்க. நாங்க மூணு பேரும் மதுரைக்குப் போறோம்.”