மாடு கட்டுற முடிச்சு

சிலுவைமுத்தோட ஆத்தா யாகப்பம்மாள் கொண்டாந்து குடுக்குற நெத்திலிக் கருவாடு மாதிரி இந்த ஜில்லாவுலேயே கிடையாது, பிரின்சிபால் சாமி. ஒரு பொட்டு மணல் இருக்காது. மூணு வருஷமா பை நிறையக் கொண்டாந்து, "எம் மவனைப் பாத்துக்கங்க வாத்தியாரய்யா"ன்னு சொல்லிட்டுப் போகும். நானும் பாத்துக்கிட்டேன். நம்ம காலேஜுல இந்த நாகநாதன் அளவுக்கு அவனைப் பாத்துக்கிட்ட ஆளு யாரு இருக்கா?

அவன் ஓடி நீங்களும் பாத்திருக்கீக. தங்கச்சிமடத்து மணல்ல வலை இழுத்த காலு. கடைசி வளைவுல அவன் திரும்பையில எனக்குக் கண்ணுல தண்ணி வந்துரும். ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு அப்படியொரு சந்தோசம் லேசுல வாய்க்குமா? அவன் வந்த பிறகுதானே மதுரைக்காரங்ககிட்ட இருந்த ஓட்டப்பந்தய ஷீல்டு நம்ம ஹாலுக்கு வந்துச்சு. நீங்ககூட ஹாஸ்டல்ல பாயசம் போடச் சொன்னீக.

இண்டர்மீடியட் பாஸானா தனுஷ்கோடி கப்பல் ஆபீசுல அவனுக்குக் கிளார்க் வேலைன்னு சொல்லி வச்சிருந்தாக. அவன் அய்யா கடலோட போயிட்டாரு; அந்த வீட்டுக்கு அந்த வேலைதான் கதி. அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனா பாஸாயிட்டாப் போயிருவானே, சாமி. செலக்‌ஷன் பரீட்சையில தவறுனா யுனிவர்சிட்டிப் பரீட்சைக்கு நாம அனுப்புறதில்ல. இன்னொரு வருஷம் இங்கனதான் இருப்பான்.

அதனால விடைத்தாளுக்குப் பின்னால நூல் போட்டுக் கட்டுற கூடுதல் தாள்ல பாதியை மட்டும் கழட்டி எடுத்துக்கிட்டேன். அவன் எழுதினதுல ஒரு எழுத்தைக்கூட நான் அடிக்கல, அது பாவம். முதல் வருஷம் ரொம்ப அழுதான். தினம் ரெண்டு முட்டை வாங்கிக் குடுத்தேன். மூணாவது வருஷமெல்லாம் அழுகையே இல்ல, நல்லாப் பக்குவப்பட்டுட்டான்.

நேத்து அந்தம்மா விடைத்தாளைக் காட்டச் சொல்லி வந்து நின்னுச்சு. படிக்கத் தெரியாத ஆளுதானேன்னு எடுத்துக் குடுத்தேன். அது எழுத்தையே பாக்கல. நூலைத் தடவித் தடவிப் பாத்துச்சு.

"எம் மவன் எதைக் கட்டினாலும் வலை முடிச்சுல்ல போடுவான். இது மாடு கட்டுற முடிச்சாவுல்ல இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நான் ஆர்.எஸ்.மங்கலத்துல மாடு பூட்டி உழுத சம்சாரி மவன். அவன் போட்ட முடிச்சு ஒரு வருஷமும் எனக்கு அவிழ்ந்ததில்ல. பிளேடால அறுத்துட்டு எனக்குத் தெரிஞ்ச முடிச்சைப் போடுவேன். அந்தம்மா தாளோட நேரா உங்ககிட்ட வந்துருச்சு.

ஆமா சாமி, நான்தான் செஞ்சேன். ஆனா ஒரு தாளையும் கிழிச்சுப் போட்டுறல. இந்தாங்க, மூணு வருஷத்துத் தாளும் இருக்கு. உக்காந்து திருத்தி, மொத்த மார்க்கும் போட்டு வச்சிருக்கேன். நாப்பத்தாறு, அம்பத்தெட்டு, எழுபத்தொண்ணு. பையன் எப்படித் தேறி வாரான், பாத்தீகளா. இன்னும் ஒரே ஒரு வருஷம் அவனை என்கிட்ட விடுங்க.